பிரஷ்ய உபாத்தியாயர் வென்ற போர்

1866ஆம் ஆண்டு ஜூலை மாதம் 3ஆம் திகதி, பொகீமியாவிலே கோனிக்ராட்ஸ் என்னும் கோட்டை நகருக்கு அருகில், பிரஷ்யாவின் சேனையும் அவுஸ்திரியாவின் சேனையும் மோதின. இரு தரப்பிலுமாக நாலரை இலட்சம் பேரளவில் களத்திலே நின்றனர். பொழுது சாய்வதற்குள் அவுஸ்திரியா தோற்றது. இறந்தோர், காயமுற்றோர், சிறைப்பட்டோர் என அது இழந்த வீரர்தொகை 44,000 அளவினது. பிரஷ்யா இழந்ததோ 9,000 அளவினதே. நூற்றாண்டுகளாக ஜேர்மன் நாடுகளின் தலைமையைத் தன்னுடையதாகக் கொண்டிருந்த ஹப்ஸ்பர்க் பேரரசு, ஏழு வாரங்களுள் அத்தலைமையை இழந்தது. இஃது எவ்வாறு நேர்ந்ததென்று ஐரோப்பா முழுவதும் வியந்தது.

போர் முடிந்து இரண்டு வாரங்களுக்குள் ஒரு விடை வெளியாயிற்று. புவியியலறிஞரான ஒஸ்கார் பெஷெல் என்பவர், தாம் ஆசிரியராயிருந்த பத்திரிகையில், பிரஷ்ய உபாத்தியாயர் அவுஸ்திரிய உபாத்தியாயரைத் தோற்கடித்துவிட்டார் என்னும் கருத்துப்பட எழுதினார். அவ்வாக்கு அவர் பெயரை விட்டுப் பிரிந்து நாடுநாடாகச் சென்றது. பிஸ்மார்க் சொன்னதாகச் சிலரும், சேனாதிபதி மோல்ட்கே சொன்னதாகச் சிலரும் எழுதினர். 1870இல் பிரான்சு வீழ்ந்தபோது அதே வாக்கு மீண்டும் ஒலித்தது. இன்றும் கல்வி பற்றிய மேடைப் பேச்சுகளிலே, நாட்டின் வலிமை வகுப்பறையில் உருவாகிறது என்பதற்குச் சான்றாக இதனையே எடுத்துக் காட்டுவார் உளர்.

ஆசிரியத் தொழிலிலே வாழ்பவர் நாம். இவ்வாக்கை முதன்முதலிற் படித்தபோது நமக்கும் ஒரு பெருமிதம் உண்டாயிற்று என்பதை மறைக்கவேண்டியதில்லை. சம்பளம் குறைந்தவன், ஊரார் விழாவுக்கு மாலையோடு அழைத்து மறுநாள் மறந்துவிடும் மனிதன், ஒரு பேரரசையே வீழ்த்தினான் என்றால் யாருக்குத்தான் மகிழ்ச்சி பிறவாது? ஆயின், புகழ்ச்சி எவர் வாயிலிருந்து வருகிறது, எதற்காக வருகிறது என்று ஆராய்வது நம் கடமை. பிரஷ்ய உபாத்தியாயர் மெய்யாகவே அப்போரை வென்றாரா? வென்றாராயின், அவ்வெற்றியின் பயனை அனுபவித்தவர் யார்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. தோல்வியிலே பிறந்த கல்வி

கதை ஒரு தோல்வியிலே தொடங்குகிறது. 1806ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் திகதி ஜெனா, அவுவர்ஸ்டெட் என்னும் இரு களங்களிலும் நெப்போலியனின் படைகள் பிரஷ்யப் படைகளை ஒரே நாளில் நொறுக்கின. இரு வாரங்களுள் நெப்போலியன் பெர்லினுட் புகுந்தான். அடுத்த ஆண்டு தில்சிற் உடன்படிக்கையினால் பிரஷ்யா தன் நிலப்பரப்பிற் பாதியளவை இழந்தது.

தோற்றது வெறும் படையன்று. ஒரு சமுதாய அமைப்பு. பிரபு குலத்தார் மட்டுமே அதிகாரிகள். பண்ணையடிமைகளான குடியானவர்களே சிப்பாய்கள். இருவரையும் பிணைத்தது பிரம்படி. எதிரே நின்றவர்களோ, மன்னனைச் சிரச்சேதம் செய்து, நிலத்தையும் உரிமையையும் ஓரளவாயினும் பெற்ற புரட்சியின் பிள்ளைகள். தனக்கென ஏதும் இல்லாத நாட்டுக்காக மனிதன் உயிரைக் கொடான் என்ற பாடத்தைப் பிரஷ்யாவின் அறிவாளர் சிலர் அன்று கற்றனர்.

அதன் விளைவாகச் சீர்திருத்தங்கள் தொடர்ந்தன. 1807இல் பண்ணையடிமை முறையை ஒழிக்கும் ஆணை பிறந்தது. 1808இல், சமாதான காலத்தில் அறிவும் கல்வியுமே, போர்க்காலத்தில் வீரமும் சமயோசிதமுமே அதிகாரிப் பதவிக்குத் தகுதியாகும் என்று விதிக்கப்பட்டது. இதன் பின்னின்றவர் ஷார்ன்ஹோர்ஸ்ட். பிரபு குலத்திற் பிறவாத சேனாதிபதி. 1809இல் கல்விப் பகுதியின் பொறுப்பு வில்லியம் வொன் ஹம்போல்ட் என்னும் மொழியறிஞரிடம் வந்தது. 1810இல் பெர்லினிலே பல்கலைக்கழகமும், அதிகாரிகளுக்கான போர்க் கலாசாலையும் ஒருங்கே திறக்கப்பட்டன. பின்னாளில் போர் பற்றிய பெருநூலால் உலகப் புகழ் பெற்ற கிளவுஸ்விட்ஸ் அக்கலாசாலையிலே கற்பித்தார். கல்வியும் போர்த் தந்திரமும் ஒரே ஆண்டில், ஒரே நகரில், ஒரே காயத்திலிருந்து பிறந்த இரட்டைப் பிள்ளைகள் எனலாம்.

ஹம்போல்டின் கனவு பெரிது. கூலியாளின் பிள்ளையும் பேரறிஞனாக வரப்போகும் பிள்ளையும் அடிப்படையில் ஒரே மனப் பண்பாட்டைப் பெறவேண்டும். தொழிற் பயிற்சி அதற்குப் பின்னரே என்பது அவர் கொள்கை. சுவிற்சர்லாந்திலே ஏழைப் பிள்ளைகளின் கல்விக்காக வாழ்நாளைச் செலவிட்ட பெஸ்டலோசியிடம் பயின்று வரும்படி பிரஷ்ய இளைஞர் சிலர் அனுப்பப்பட்டனர். அரசின் தேவையும் மனித விடுதலையின் தேவையும் ஒரு கணம் ஒன்றாகத் தோன்றிய காலம் அது.

அக்கணம் நீடிக்கவில்லை. நெப்போலியன் வீழ்ந்தான்; அச்சம் அகன்றது; மன்னரும் பிரபுக்களும் தாம் கொடுத்த வாக்குறுதிகளை மறந்தனர். 1819இல் கார்ல்ஸ்பாட் தீர்மானங்கள் பல்கலைக்கழகங்களை உளவின்கீழ்க் கொணர்ந்தன. பத்திரிகைகளுக்குத் தணிக்கை வந்தது. அதே ஆண்டின் இறுதியில் ஹம்போல்ட் அரச சேவையிலிருந்து அகற்றப்பட்டார். எல்லா வகுப்பினருக்கும் தொடர்ச்சியான ஒரே கல்வி முறையை வகுத்த சட்ட நகலும் அதே ஆண்டிலே எழுதப்பட்டுச் சட்டமாகாமலே கிடப்பில் இடப்பட்டது. 1814இல் வந்த கட்டாய இராணுவ சேவைச் சட்டமோ நிலைத்து நின்றது. இரட்டைப் பிள்ளைகளுள் எதற்கு உணவு கிடைத்தது, எது பட்டினி போடப்பட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

2. எழுத்தறிந்த குடிமகனா, எழுத்தறிந்த சிப்பாயா?

எனினும் பள்ளிகள் மூடப்படவில்லை, பெருகின. இரண்டாம் பிரெடரிக் மன்னன் 1763இலேயே கிராமப் பிள்ளைகள் பள்ளிக்கு வரவேண்டுமென ஆணையிட்டிருந்தான். ஆயின் அவன் காலத்திலே பணமுமில்லை, ஆசிரியருமில்லை. போரில் உறுப்பிழந்த பழைய சிப்பாய்களையே உபாத்தியாயராக்கும்படி 1779இல் கட்டளை பிறந்தது. கைத்தடி மாறிற்றேயன்றிக் கை மாறவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஆசிரிய கலாசாலைகள் பரவிய பின்னரே அவ்வாணை உயிர் பெற்றது. நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரஷ்யாவின் வளர்ந்தோரிற் பத்துக்கு எட்டுப் பேரளவில் எழுத்தறிந்திருந்தனர். அக்காலத்து ஐரோப்பாவில் இது மிக உயர்ந்த நிலையாகும்.

பிள்ளைகள்மீது அரசு கொண்ட அக்கறையின் இயல்பை ஒரு நிகழ்ச்சி தெளிவாக்கும். ரைன் பகுதியிலே ஆலைகள் தோன்றியபோது சிறு பிள்ளைகள் இரவு பகலாக அவற்றில் உழைத்தனர். ஆசிரியரும் மதகுருமாரும் முறையிட்டனர். ஆயின், 1828இலே வொன் ஹோர்ன் என்னும் சேனாதிபதி, ஆலைப் பகுதிகளிலிருந்து போதிய உடல்வலியுள்ள இளைஞர் படைக்குக் கிடைக்கவில்லை என்று அறிக்கை செய்த பின்னரே மன்னனின் கவனம் அப்பக்கம் திரும்பியது. 1839இல் வந்த ஒழுங்குவிதி, ஒன்பது வயதுக்குட்பட்ட பிள்ளைகளை ஆலை வேலையினின்று விலக்கியது. பதினாறு வயதுக்குட்பட்டோரின் வேலையை நாளொன்றுக்குப் பத்து மணியாகக் குறுக்கியது. ஆலையிற் சேருமுன் மூன்றாண்டுப் பள்ளிக் கல்வியையும் வற்புறுத்தியது. அவ்விதி நல்லதே. ஆனால் பிள்ளை பிள்ளையாக இருந்ததற்காக அது காப்பாற்றப்படவில்லை. நாளைய சிப்பாயாக இருந்ததற்காகவும் காப்பாற்றப்பட்டது.

அரசு விரும்பியது கட்டளையை வாசிக்கத் தெரிந்தவனை. கட்டளையை ஏன் இட்டாய் என்று கேட்கத் தெரிந்தவனையன்று. ஆயின் எழுத்து இவ்விரண்டையும் பிரித்துக் கொடுப்பதில்லை. 1848இலே புரட்சி மூண்டபோது கிராம ஆசிரியர் பலர் மக்கள் பக்கம் நின்றனர். பள்ளியை மதகுருவின் மேற்பார்வையினின்று விடுவிக்கவேண்டும், ஆசிரியருக்கு மனிதருக்குரிய ஊதியம் வேண்டும், எல்லோருக்கும் ஒரே பள்ளி வேண்டும் என்று கூட்டங்கள் கூடிக் கோரினர். புரட்சி தோற்றதும் தண்டனை வந்தது. ஆசிரிய கலாசாலைத் தலைவர்களை 1849இல் மன்னன் நான்காம் பிரெடரிக் வில்லியம் அழைத்து, நாட்டுக்கு நேர்ந்த கேடனைத்துக்கும் நீங்கள் புகட்டிய போலிக் கல்வியே காரணம் என்று கடிந்துகொண்டதாகப் பதிவு உண்டு. பெர்லின் ஆசிரிய கலாசாலையின் தலைவரும் பெஸ்டலோசி வழியினருமான டீஸ்டர்வெக் 1847இலேயே பதவியினின்று விலக்கப்பட்டிருந்தார். 1851இல் புரோபெல் தொடங்கிய பாலர் பள்ளிகள்கூட நாத்திகம் வளர்ப்பன என்று தடைசெய்யப்பட்டன.

1854இலே ஷ்டீல் என்னும் அதிகாரியின் பெயரால் வழங்கும் ஒழுங்குவிதிகள் வந்தன. ஆரம்பப் பள்ளிக்கு வேதப் பாடமும், தோத்திரப் பாடல்களின் மனனமும், வாசிப்பும், எழுத்தும், சிறிதளவு கணக்கும் போதும். ஆசிரியராகப் போகிறவர் அதற்கு மேல் அதிகம் கற்கவேண்டுவதில்லை என்பது அவற்றின் சாரம். தம் தாய்மொழியின் பேரிலக்கியங்கள்கூட ஆசிரிய மாணவருக்கு விலக்கப்பட்டன. கதேயையும் ஷில்லரையும் உலகுக்கு அளித்த மொழியிலே இது நடந்தது.

கோனிக்ராட்ஸிலே வென்றதாகப் புகழப்படும் உபாத்தியாயர் இந்த ஒழுங்குவிதிகளின்கீழ் வாழ்ந்தவர் என்பதை நாம் மனத்திற் கொள்ளல் வேண்டும். அவர் வென்றவரல்லர்; பதினேழு ஆண்டுகளுக்கு முன்னரே தோற்கடிக்கப்பட்டவர். ஹிர்ஷ்பெர்க் என்னும் ஊரின் ஆசிரியர் வாண்டர், 1848இல் ஆசிரியர் அனைவரும் ஒன்றுசேரவேண்டுமென்று குரல் கொடுத்தவர். அதன் பின் தம் பதவியை இழந்தார். பள்ளி மறுக்கப்பட்ட அவர், ஜேர்மன் மக்களின் பழமொழிகளை ஊரூராகத் திரட்டிப் பேரகராதியாக்கினார். அதன் முதற்றொகுதி வெளிவந்த ஆண்டு 1867. பிரஷ்ய உபாத்தியாயரின் புகழை உலகம் பாடிக்கொண்டிருந்த ஆண்டு.

3. இரும்புப் பாதையும் தந்திக் கம்பியும்

இனி, போரை வென்ற மற்றொரு கருவியைப் பார்ப்போம். ஜேர்மன் நிலத்தில் முதற் புகையிரதம் 1835 டிசெம்பரிலே நூரென்பெர்க்கிற்கும் பூர்த்துக்கும் இடையே ஓடியது. அதற்கு ஈராண்டு முன்னரே பொருளியலறிஞர் பிரெடரிக் லிஸ்ட், சிதறிக் கிடந்த ஜேர்மன் நாடுகளையெல்லாம் இருப்புப் பாதைகளால் இணைக்கும் திட்டமொன்றை வெளியிட்டிருந்தார். அவர் கண்டது முதன்மையாக வாணிபம். ஆயின் பாதை எதனைச் சுமப்பதென்பதைப் பாதை தீர்மானிப்பதில்லை. 1850இல் ஏறக்குறைய 6,000 கிலோமீற்றராக இருந்த பாதைகள் 1870இல் 18,000 கிலோமீற்றருக்கு மேலாயின.

இதனைப் போர்க்கண்ணால் முதலிற் கண்டவர்களுள் ஒருவர் ஹெல்முத் வொன் மோல்ட்கே. 1840களின் தொடக்கத்திலேயே பெர்லின்–ஹம்பர்க் புகையிரதக் கம்பெனியின் இயக்குநருள் ஒருவராக இருந்தார். தம் சேமிப்பையும் அதிலே இட்டார். பாதைகளைத் தெரிவுசெய்வது பற்றி 1843இல் கட்டுரையும் எழுதினார். 1857இல் படைத் தலைமையகத்தின் தலைமை அவரிடம் வந்தது. அங்கே புகையிரதத்துக்கென ஒரு பிரிவு ஏற்பட்டது. எந்தப் படைப்பிரிவு, எந்த நிலையத்தில், எத்தனை மணிக்கு, எத்தனை வண்டிகளில் ஏறவேண்டுமென்பது சமாதான காலத்திலேயே நேரசூசியாக எழுதப்பட்டது.

அதன்மேல் எழுந்தது அவருடைய போர்த் தந்திரம். பெரும்படை ஒரே சாலையில் நடந்தால் அதன் வால் நகருமுன் தலை ஓய்ந்துவிடும். ஓரிடத்தில் நின்றால் உணவின்றி வாடும். ஆதலின், பிரிந்து நடக்கவும் ஒன்றுகூடித் தாக்கவும் வேண்டும். இதற்கு மூன்று தேவை: பல பாதைகள், தூரத்துச் செய்தியை உடனே கொணரும் தந்தி, தலைவனின் சொல்லுக்குக் காத்திராமல் அவன் நோக்கத்தை உணர்ந்து தானே முடிவெடுக்கும் அதிகாரி. மூன்றாவதற்குக் கல்வி வேண்டும். போர்க் கலாசாலை அதனை அளித்தது. ஆயின் சிந்திக்கும் உரிமை அதிகாரியின் எல்லையிலே நின்றுவிட்டது. கிராமப் பள்ளிப் பிள்ளைக்கு மனனமே விதிக்கப்பட்டது. ஒரே அரசு ஒரே காலத்தில் இருவகைக் கல்வியை வகுத்த விந்தையை இங்கே காண்கிறோம்.

இடைநிலைக் கல்விக்கும் இவ்வமைப்பிலே தனி விலை இருந்தது. குறித்த ஆண்டுகள் உயர்பள்ளியிற் படித்த இளைஞன், தன் உணவையும் உடையையும் தானே பார்த்துக்கொண்டால், மூன்றாண்டு இராணுவ சேவைக்குப் பதிலாக ஓராண்டு மட்டும் சேவித்தாற் போதும். பின்னர் சேமப் படையின் அதிகாரியாகவும் உயரலாம். உழவனின் மகனுக்கும் தொழிலாளியின் மகனுக்கும் அந்த வாயில் திறக்கவில்லை. எல்லோருக்கும் பொதுவான கட்டாய சேவை என்று சொல்லப்பட்டதன் உள்ளே, பள்ளிச் சான்றிதழ் ஒரு வர்க்க வேலியாக நின்றது.

தந்தியின் வரலாறும் இத்தகையதே. பெர்லினையும் கொப்லென்ஸையும் இணைத்து 1830களில் அமைந்த கைகாட்டித் தந்தி, அரசினதும் படையினதும் செய்திகளை மட்டுமே சுமந்தது. மின்தந்தியோ வேறொரு வாய்ப்பைக் காட்டியது. பெர்லினிலிருந்து பிராங்க்பர்ட்டுக்கு இழுக்கப்பட்ட புதிய கம்பி, 1849 மார்ச்சிலே பிராங்க்பர்ட் மக்கள் சபை பிரஷ்ய மன்னனைப் பேரரசனாகத் தெரிவுசெய்த செய்தியைத் தலைநகருக்குக் கொணர்ந்தது. மக்கள் சபை கொடுத்த முடியை மன்னன் ஏற்க மறுத்தான். இருபத்திரண்டு ஆண்டுகளின் பின் அம்முடியை அவன் தம்பி, அரசர்களின் கையிலிருந்து, போர்க்கள வெற்றியின் பின் ஏற்றுக்கொண்டான்.

4. சட்டசபை தோற்ற நாள்

போருக்குப் பணம் வேண்டும். 1860இலிருந்தே படையைப் பெருக்கும் திட்டத்தை மன்னனும் போர் மந்திரி ரூனும் வற்புறுத்தினர். லிபரல்கள் பெரும்பான்மையாயிருந்த சட்டசபை அதற்குப் பணம் தர மறுத்தது. குடிமக்களின் சேமப் படையைப் பின்தள்ளி, மன்னனின் நிரந்தரப் படையை முன்னிறுத்தும் திட்டமென்று அது ஐயுற்றது. அவ்வையம் நியாயமானதே. 1862 செப்டெம்பரிலே பிஸ்மார்க் முதல்மந்திரியானார். காலத்தின் பெரும் பிரச்சினைகள் பேச்சாலும் பெரும்பான்மை வாக்குகளாலும் தீரமாட்டா, இரும்பாலும் இரத்தத்தாலுமே தீரும் என்னும் பொருள்பட அவர் பேசியது அம்மாத இறுதியிலேயே. நான்கு ஆண்டுகள், சட்டசபையின் ஒப்புதலில்லாமலே வரி வசூலிக்கப்பட்டது, செலவும் செய்யப்பட்டது. அது போதாதபோது, 1865இல் கொலோன்–மிண்டன் புகையிரதக் கம்பெனியில் அரசுக்கிருந்த உரிமைகளை அக்கம்பெனிக்கே விட்டுக்கொடுத்துப் பெருந்தொகை திரட்டப்பட்டது. இருப்புப் பாதை சிப்பாய்களை மட்டுமன்று, போர்ச் செலவையும் சுமந்தது.

1866 கோடையிலே பிரஷ்யா ஐந்து பாதைகள் வழியாகப் படையை எல்லைக்குக் கொணர்ந்தது. அவுஸ்திரியாவுக்கு வியன்னாவிலிருந்து வடக்கே கிடைத்தது ஒரே பாதை. மூன்று வாரங்களில் பிரஷ்யா ஏற்றிச்சென்றது 197,000 வீரர், 55,000 குதிரைகள், 5,300 வண்டிகள். பின்னர் அணிபிரிந்த சேனைகள் மலைக்கணவாய்களூடே பொகீமியாவுட் புகுந்தன.

ஆயின் வலைப்பின்னலின் வல்லமையை மிகைப்படுத்துவதும் தவறு. எல்லை கடந்ததும் உணவு ஏற்றிய வண்டிகள் பின்னாலே தேங்கின. சிப்பாய்கள் பொகீமியக் கிராமத்தாரின் களஞ்சியங்களைக் காலிசெய்து உண்டனர். போருக்கு முந்திய இரவு, முடிக்குரிய இளவரசனின் சேனையை உடனே வரும்படி அழைக்கும் கட்டளையைத் தந்தி கொண்டுசெல்லவில்லை. இருளிலே குதிரையேறிச் சென்ற ஓர் அதிகாரியே கொண்டுசென்றார். மறுநாள் பிற்பகலில் அச்சேனை அவுஸ்திரியரின் வலப்புறத்திலே தோன்றியபோதுதான் போர் முடிவானது.

அன்றைய தினத்தில் வேறொரு போரும் நடந்தது. பிரஷ்யச் சட்டசபைக்கான தேர்தல் நடைபெற்றதும் அதே ஜூலை 3ஆம் திகதியே. கோனிக்ராட்ஸ் செய்தி நாட்டிற் பரவுமுன்னரே, போர்க்கால உணர்ச்சி லிபரல்களின் பலத்தைக் குறைத்துவிட்டது. இரு மாதங்களின் பின், செப்டெம்பர் 3ஆம் திகதி, கடந்த ஆண்டுகளில் ஒப்புதலின்றிச் செய்யப்பட்ட செலவுகளையெல்லாம் மன்னிக்கும் மசோதா, 230 வாக்குகளுக்கு எதிராக 75 என்ற கணக்கில் சட்டசபையிலே நிறைவேறியது. நான்காண்டு எதிர்த்து நின்றவர்களுட் பலர் கைதூக்கி ஆதரித்தனர். பொகீமியாவிலே தோற்றது அவுஸ்திரியா. பெர்லினிலே தோற்றது மக்களாட்சி.

5. அவ்வாக்கு உண்மையா?

இப்போது பெஷெலின் வாக்கைச் சீர்தூக்கிப் பார்க்கலாம். எழுத்தறிந்த படைக்கு நன்மை உண்டென்பதை யாரும் மறுக்கார். நேரசூசியையும் வரைபடத்தையும் கட்டளைத் தாளையும் வாசிக்கத் தெரிந்த கீழதிகாரி படைக்குப் பெருந்துணை. அவுஸ்திரியப் படையிலோ பல மொழியினர் இருந்தனர். ஜேர்மன் மொழியிலே வந்த கட்டளைச் சொற்களை மட்டும் பழகிக்கொண்டு மற்றவற்றைத் தத்தம் மொழியிலே அறியவேண்டியவர் அவர். எழுத்தறியாதாரும் பலர்.

ஆயின் மூன்று உண்மைகள் அவ்வாக்கை உறுத்துகின்றன. முதலாவது, அவுஸ்திரியாவிலும் 1774இலேயே மரியா தெரேசா அரசியார் கட்டாயக் கல்வி ஒழுங்கை விதித்திருந்தார். அதனை வரைந்த பெல்பிகர், பிரஷ்யா கைப்பற்றிய சைலீசியாவிலிருந்து வரவழைக்கப்பட்டவர். கிழக்கு மாகாணங்களிலே அது நன்கு நிறைவேறவில்லை என்பது உண்மை. எனினும் இரு நாட்டு உபாத்தியாயரும் ஒரே மூலத்திற் கற்றவர். இரண்டாவது, சாக்சனி நாட்டுப் பள்ளிகள் பிரஷ்யப் பள்ளிகளுக்கு எவ்வகையிலும் குறைந்தனவல்ல. அந்தச் சாக்சனியர் கோனிக்ராட்ஸிலே அவுஸ்திரியர் பக்கம் நின்று போரிட்டுத் தோற்றனர். உபாத்தியாயரே வெற்றி தருவாரென்றால் சாக்சனி உபாத்தியாயர் எங்கே போனார்? மூன்றாவது, பிரஷ்யரின் கையிலிருந்த ஊசித் துப்பாக்கி. பின்புறமாகக் குண்டேற்றும் அதனைப் படுத்தபடியே நிரப்பிச் சுடலாம். அவுஸ்திரியனோ எழுந்து நின்று குழல்வாய் வழியே மருந்திட்டு இடிக்கவேண்டும். அவன் ஒருமுறை சுடும் நேரத்தில் இவன் பலமுறை சுட்டான். ஐந்து பாதையும் இத்துப்பாக்கியும் செய்த வேலையை அரிச்சுவடியின் கணக்கில் எழுதுவது எங்ஙனம் பொருந்தும்?

அவ்வாறாயின் ஏன் எழுதினார்கள்? உபாத்தியாயருக்கு ஊதியத்தை உயர்த்துவதைவிடப் புகழை உயர்த்துவது எளிது. பள்ளி போரை வென்றது என்றால், பள்ளியின் வேலை போரை வெல்வதே என்ற முடிவுக்கு வர நெடுந்தூரம் இல்லை. கடவுளுக்கும் மன்னனுக்கும் பணிவதைக் கற்பித்த 1854இன் விதிகள் சரியே என்பதற்கும் அதுவே சான்றாகிவிடும்.

அப்புகழைக்கூட அரசு உபாத்தியாயரிடம் நெடுநாள் விட்டுவைக்கவில்லை. 1874ஆம் ஆண்டு பெப்ருவரி 16ஆம் திகதி ஜேர்மன் பாராளுமன்றத்திலே படைச் சட்டம் பற்றிப் பேசிய மோல்ட்கே, அவ்வாக்கை எடுத்துக்கொண்டு மறுத்தார். வெறும் அறிவு மனிதனைக் கடமைக்காகவும் நாட்டுக்காகவும் உயிர்விடும் நிலைக்கு உயர்த்தாது. போர்களை வென்றவர் உபாத்தியாயரல்லர், அறுபதாண்டுகளாக நாட்டின் இளைஞரைப் பயிற்றிவரும் படையென்னும் ஆசானே என்பது அவர் பேச்சின் சாரம். சேனாதிபதி உள்ளதையே உரைத்தார். தமக்கு வேண்டிய கல்வி எது என்பதில் அவருக்கு மயக்கமில்லை, மயங்கியவர் உபாத்தியாயரே.

மயங்காத மற்றொருவர் எதிர்ப்புறத்தில் இருந்தார். பிரெஞ்சுப் போருக்கான கடனுக்கு வாக்களிக்க 1870இல் இணங்காத இருவரான வில்லியம் லீப்னெக்டும் ஒகஸ்ட் பேபெலும் 1872இல் தேசத்துரோக வழக்கிலே ஈராண்டு கோட்டைச் சிறைக்கு அனுப்பப்பட்டனர். அவ்வழக்குக்குச் சில வாரங்கள் முன், டிரெஸ்டன் நகரத் தொழிலாளர் கல்விச் சங்கத்திலே லீப்னெக்ட் அறிவே ஆற்றல், ஆற்றலே அறிவு என்னும் பொருள் குறித்து உரையாற்றினார். பள்ளி, படைமுகாம், பத்திரிகை ஆகிய மூன்றும் ஆளும் வர்க்கத்தின் கையில் ஒரே வேலையைச் செய்கின்றன. அறிவு மக்களை விடுவிக்கவேண்டுமாயின், அவ்வறிவை அடையும் அதிகாரத்தை மக்கள் முதலில் வெல்லவேண்டும் என்பது அவர் கருத்து. மோல்ட்கேயும் லீப்னெக்டும் பிரஷ்யப் பள்ளியைப் பற்றி ஏறக்குறைய ஒரே உண்மையையே கண்டனர். ஒருவர் அதனைக் காக்க விரும்பினார். மற்றவர் மாற்ற விரும்பினார்.

6. நேரசூசி அரசாண்ட நாள்

பின்வந்த கதை சுருக்கமானது. பிரான்சை வென்று 1871 ஜனவரி 18ஆம் திகதி வெர்சேல்ஸ் மாளிகையிலே பேரரசு பிரகடனம் செய்யப்பட்டது. செடான் வெற்றி நாளான செப்டெம்பர் 2 பள்ளிகளின் விழாவாயிற்று. தோற்ற நாடுகளும் அவ்வாக்கை நம்பின: அவுஸ்திரியா 1869இல் எட்டாண்டுக் கட்டாயக் கல்விச் சட்டம் இயற்றியது, பிரான்சு 1881, 1882ஆம் ஆண்டுகளில் இலவச, கட்டாய, மதச்சார்பற்ற ஆரம்பக் கல்வியை நிறுவியது. அச்சட்டங்களால் கோடிக்கணக்கான ஏழைப் பிள்ளைகள் எழுத்தறிந்தனர் என்பது மறுக்கவொண்ணாத நன்மை. ஆயின் பழிவாங்கும் நாளை எதிர்நோக்கிய பாடங்களும் அவ்வகுப்பறைகளிலே நுழைந்தன. 1889இல் பேரரசன் இரண்டாம் வில்லியம், சமவுடைமைக் கருத்துகளை எதிர்க்கும் கருவியாகப் பள்ளியைப் பயன்படுத்துமாறு வெளிப்படையாகவே ஆணையிட்டான்.

1914 ஓகஸ்ட் 1ஆம் திகதி அவ்வமைப்பு முழுவதும் சோதனைக்கு வந்தது. பிரான்சுடன் போரின்றி ரஷ்யாவுடன் மட்டும் போரிடலாமென்ற நம்பிக்கை ஒரு கணம் தோன்றியபோது, படையனைத்தையும் கிழக்கே திருப்பும்படி பேரரசன் சொன்னான். முடியாது என்றார் படைத்தலைவர். கோனிக்ராட்ஸ் மோல்ட்கேயின் சகோதரர் மகன் அவர். 11,000 புகைவண்டிகளின் நேரசூசி முன்னரே எழுதப்பட்டுவிட்டது. அதனை மாற்றினால் கிடைப்பது படையன்று, கூட்டமே என்பது அவர் விடை. அரசியலின் கருவியாக அமைந்த வலைப்பின்னல் அரசியலுக்கு எசமானாயிற்று. வண்டிகள் குறித்த நேரத்தில் மேற்கே புறப்பட்டன. வகுப்பு வகுப்பாகப் படையிற் சேர்ந்த மாணவரும் அவற்றில் இருந்தனர்.

ஆசிரிய கலாசாலையிற் பயின்றுகொண்டிருக்கையிலேயே 1916இல் படைக்கு அழைக்கப்பட்டுப் போரின் பின் சிறிது காலம் கிராமப் பள்ளியிற் கற்பித்தவர் எரிக் மரியா ரெமார்க். மேற்கு முனையைப் பற்றி 1929இல் நூல்வடிவில் வெளிவந்த அவருடைய நாவலிலே, தன் வகுப்பு முழுவதையும் பேசிப் பேசியே படையிற் சேரச் செய்யும் கன்டோரெக் என்னும் ஆசிரியர் ஒருவர் வருகிறார். 1933இல் அந்நாவல் பெர்லினிலே தீக்கிரையாக்கப்பட்டது. ஹம்போல்டின் பல்கலைக்கழகத்துக்கு எதிரேயுள்ள முற்றத்திலே, மாணவர்களின் கையாலேயே அது எரிக்கப்பட்டது.

கன்டோரெக் கொடியவரல்லர். தம் தொழில் போரை வென்றதென்று சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்த ஒரு நல்ல உபாத்தியாயர், அவ்வளவே. அதனால்தான் அவரை நினைக்கும்போது நமக்கு அச்சம் உண்டாகிறது.

பாதைகளைக் கிழித்தெறிய வேண்டுமென்றோ, தந்திக் கம்பிகளை அறுக்க வேண்டுமென்றோ, பள்ளிகளை மூட வேண்டுமென்றோ நாம் கூறவில்லை. எழுத்தும் இரும்பும் மின்சாரமும் மனித உழைப்பின் விளைவுகள், மனிதனுக்கே உரியன. அவை எவர் கையில், எவருடைய ஒப்புதலோடு இயங்குகின்றன என்பதே வினா. சட்டசபை ஊமையாக்கப்பட்டு, உபாத்தியாயர் பதவி நீக்கத்துக்கு அஞ்சி, பிள்ளை மனனத்துள் அடைக்கப்பட்ட நாட்டிலே அவை எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் பிரஷ்யா காட்டியது.

வரலாற்றுப் பாடத்திலே கோனிக்ராட்ஸைக் கற்பிக்க நேரும் ஒவ்வொரு முறையும், திகதியையும் சேனாதிபதியின் பெயரையும் சொன்னபின் ஒரு நிமிடம் நாம் தாமதிக்கலாம். அன்றே தேர்தலும் நடந்ததென்று சொல்லலாம். பொகீமியக் குடியானவனின் களஞ்சியம் காலியானதைச் சொல்லலாம். வேலை நீக்கப்பட்டுப் பழமொழி திரட்டிய வாண்டரைப் பற்றிச் சொல்லலாம். ஏன் என்று ஒரு பிள்ளை எழுந்து கேட்டால், பாடத்திட்டத்தில் இல்லையென்று அதனை அமர்த்தாமல், விடை தேட உடனிருக்கலாம். பிரஷ்ய உபாத்தியாயருக்கு மறுக்கப்பட்ட வேலை அதுவே. போரை வென்ற புகழ் நமக்கு வேண்டாம். அந்த வேலை நமக்கு வேண்டும்.